கெபியில் பூத்த உப்பு

உங்கள் ஸ்டேஷன் சுவரில் நாற்காலி உயரத்துக்கு உப்பு பூத்திருக்கிறது, சார். மேலே பெயின்ட் அடித்து மறைக்கப் பார்த்திருக்கிறீர்கள். அது நிற்காது. அடுத்த மழைக்கு அப்படியே பொரிந்து விழும். எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் அனுபவம் உண்டு.

நான் சொன்னதை நீங்கள் எழுத ஆரம்பித்ததையும் பார்த்தேன். விக்டோரியா என்ற என் பெயருக்குள்ளேயே இரண்டு பிழை. அதனால்தான் பேப்பரை வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுத்தவள் நான். என் கையெழுத்தை வாசிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது. டீ வாங்கித் தந்ததற்கு நன்றி. சீனி கூடிப்போயிற்று, இருந்தாலும் குடித்துவிட்டேன்.

என்னை யாரும் பிடித்து வரவில்லை. காலையில் பஸ் ஏறி நானாகத்தான் வந்தேன். என் வீட்டுக் கெபியின் அடியில் கிடைத்த எலும்புகள் சுனாமியில் போன சிலுவைதாசனுடையவைதான் என்று நீங்கள் முடிவெழுதி, சனிக்கிழமை அடக்கத்துக்கும் அனுமதி கொடுத்துவிட்டதாகப் பாதர் சொன்னார். அதில் ஒரு தவறு நேர்ந்திருக்கிறது. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

நீங்கள் வெளியூர்க்காரர் என்பதால் சொல்கிறேன். கெபி என்றால் மாதா சொரூபம் வைக்கிற சின்னக் குகை. எங்கள் துறையில், கடற்கரை ஊரை அப்படித்தான் சொல்வோம், வசதி உள்ள சில வீட்டு முற்றங்களில் கட்டியிருப்பார்கள். என் வீட்டுக் கெபி வெட்டுகல்லில் கட்டியது. சிவந்த கல். அதன் நெற்றியில் 'பிறர் உயிர் காத்துத் தன் உயிர் ஈந்த சிலுவைதாசன் நினைவாக' என்று பொறித்திருக்கிறது. வாசகம் நான் எழுதியது.

சிலுவைதாசன் என் புருஷன். நல்ல மனிதர். குடிப்பார், ஆனால் அளவோடு. என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அடித்தார் என்று நீங்களாக இரக்கப்பட்டு எழுதிவிடக் கூடாது. பிள்ளை இல்லை என்று என்னைக் குத்திக் காட்டியதும் இல்லை. அவருடைய குறை சின்னக் குறைதான். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். பூசையில் தூங்குவார். மரண வீட்டில் சிரிப்பு மூட்டுவார். கடன் கேட்டு வந்தவனிடம் கடன் கேட்பார். நான் ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்த சண்டையை, அவர் ஒரு கொட்டாவியில் முடித்துவிடுவார். இதெல்லாம் கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். கூட இருப்பவளுக்கு அப்படி இருக்காது.

2004 கிறிஸ்துமஸ் நடுராத்திரிப் பூசையில் அவர் குறட்டை விட்டார். பாதர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மறுநாள் மத்தியானம் அதைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் நீளமாகவே சொன்னேன். அவர் பையை எடுத்துக்கொண்டு, "மங்களூரு போட்டுக்கு ஆள் கேக்கானுவ. நீ சொல்லி முடிச்சபொறவு வாறேன்," என்று மீன்பிடிப் படகு வேலைக்குக் கிளம்பிவிட்டார். கிறிஸ்துமஸ் அன்றைக்குப் புருஷன் இறங்கிப்போனான் என்று ஊர் பேசக் கூடாதே என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கு மறுநாள் காலையில் கடல் வந்தது. அதைப் பற்றி எழுதப் போவதில்லை. நான் கோயிலில் இருந்தேன். தண்ணீர் கோயில் படிவரை வந்து நின்றது. என் வீடு கோயிலுக்குப் பின்னால் மேட்டில் இருந்ததால் தப்பியது. கீழே எதுவும் மிஞ்சவில்லை.

அன்று சாயங்காலம் எல்லோரும் எல்லோரையும் தேடினார்கள். "தாசன் எங்க?" என்று என்னிடமும் கேட்டார்கள். "கடற்கரைப் பக்கம்தான் போனாரு," என்றேன். அது பொய்யில்லை. பஸ்ஸுக்கு அந்த வழியாகத்தான் போனார். அவர்கள் அழ ஆரம்பித்தார்கள். அத்தனை பேர் கட்டிப்பிடித்து அழும்போது, இல்லை, அவர் மங்களூரில் இருக்கிறார் என்று சொல்வது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது.

பக்கத்து வீட்டுக் குளோரிக்கு அன்று புருஷன் ததேயூஸ் போய்விட்டார். ஆனால் பிள்ளை ஜெனின் பிழைத்தான். அவனை யாரோ மீன் ஏலக்கூடத்தின் கான்கிரீட் கூரைமேல் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். தூக்கிப் போட்டது தாசன் மாமா என்று பிள்ளை சொன்னான். அந்த ஒரு வார்த்தையில் என் புருஷன் வேறு ஆளாகிவிட்டார். அவரைத் திட்டியவர்களெல்லாம் அவரைப் பற்றி ஒவ்வொரு நல்ல கதை வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. பாதர் அவர் பெயரைச் சொல்லிப் பிரசங்கம் வைத்தார். குளோரி என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அண்ணன் இல்லன்னா எனக்கு ஆருமே இல்ல மைனி," என்று அழுதாள்.

நான் அந்தத் தாசனை நினைத்து அழுதேன். நிஜமாகவே அழுதேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நான் அவரை அவ்வளவு நேசித்ததில்லை. அவர் குறட்டை விடவில்லை. கொட்டாவி விடவில்லை. நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். அவருக்காகத்தான் கெபி கட்ட ஏற்பாடு செய்தேன். கொத்தனார் வந்து அஸ்திவாரம் தோண்டினார். வெட்டுகல் லாரியில் வந்து இறங்கியது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் வேலை தொடங்குவதாக இருந்தது.

அந்த முப்பதாம் நாள், ஊர் முழுக்கக் கோயிலில் இருந்தது. பூசை முடிந்து அங்கேயே எல்லோருக்கும் சாப்பாடு. ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே நான் வீட்டில் வைத்த கறியை எடுத்துப்போக வந்தேன். நல்ல வெயில். பின்பக்கத் தென்னந்தோப்பு வழியாக ஒருவர் வந்து அடுக்களை வாசலில் நின்றார்.

"ஏட்டி, சோறு கெடக்கா?"

அதுதான் உயிர்த்தெழுந்தவர் பேசிய முதல் வார்த்தை.

தட்டு வைத்தேன். விடியற்காலையில் மங்களூரில் இறங்கிய கையோடு படகு ஏறிவிட்டாராம். ஆழ்கடலில் நின்றவர்களுக்கு அலை வந்ததே தெரியவில்லையாம். கரைக்குத் திரும்பிச் செய்தி கேட்டார்களாம். "போன் பண்ணணும்னுதான் நெனச்சேன். பொறவு மறந்துபோச்சு," என்றார். அந்தப் படகில் எங்கள் ஊர்க்காரர் யாரும் இல்லாததால் வேறு யாரும் சொல்லவும் இல்லை. இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"கறி நல்லாருக்கே. ஆருக்க விசேஷம்?"

"உங்களுக்க முப்பதாம் நாளு."

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் சோறு மூக்கில் ஏறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

"நானா? பிள்ளையத் தூக்குனனா? அலையக் கண்டா மொத ஆளா ஓடுறவன் நானாக்கும். ஊருக்கே தெரியுமே!"

"மெதுவாப் பேசுங்க."

"சாயங்காலம் ஏலக்கூடத்துக்கிட்ட போயி நிக்கப்போறேன் ஏட்டி. எல்லாவனும் பேயினு நெனச்சு ஓடட்டும். அந்தப் பாதர் மூஞ்சிய நான் பாக்கணும்."

எனக்கு அதுதான் பிடிக்கவில்லை, சார். அந்த நேரத்தில் கோயிலில் ஊரே முழங்காலில் நின்று ஒரு மனிதருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தது. அந்த மனிதரை இந்த ஆள் ஏலக்கூடத்தில் வைத்துக் கொல்லப்போகிறான். அதுவும் வேடிக்கைக்காக. என் இடத்தில் யார் இருந்தாலும் தன் புருஷனைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள்.

சாப்பிட்டதும் பாயை விரித்துப் படுத்தார். படுத்ததும் தூங்கிவிடுவது அவர் வழக்கம். நான் அம்மிக் குழவியை எடுத்தேன். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை என்று முன்பே எழுதினேன் அல்லவா. மண்டையிலுள்ள உடைவை, அலை அடித்துக் கல்லில் மோதியது என்று நீங்கள் எழுதியிருப்பதாகக் கேள்வி. அது குழவி. நன்றாகக் கழுவி வைத்தேன். இப்போதும் அதில்தான் தேங்காய் அரைக்கிறேன்.

அஸ்திவாரக் குழி ஆழம் போதாது என்று எனக்கு முதலிலேயே ஒரு எண்ணம் இருந்தது. எங்கள் மண் மணல்தான். தோண்டக் கஷ்டமில்லை. கீழ்வீடுகள் காலி. மேல்வீட்டார் கோயிலில். பாயோடு சேர்த்து இழுத்துப் போட்டு மூடிவிட்டு, குளித்து, கறியை எடுத்துக்கொண்டு போனேன். "என்ன மைனி இவ்வளவு நேரம்?" என்று குளோரி கேட்டாள். "கறிக்கு உப்பு பத்தல, பாத்துப் போட்டேன்," என்றேன். மறுநாள் கொத்தனார், மண் இளகிக் கிடக்கிறதே என்றார். கடல் வந்த மண் அப்படித்தான் இருக்கும் என்றேன். கல் வைத்துக் கட்டிவிட்டார்.

அதன்பிறகு நானும் என் புருஷனும் சில வருஷங்கள் நிம்மதியாக இருந்தோம். ஒவ்வொரு டிசம்பரும் பவனி என் வீட்டு முற்றத்துக்கு வரும். கெபியில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் வந்து கும்பிடுவார்கள். தாசன் மாதிரி மாப்பிள்ளை வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பெண்கள்கூட உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெருமையாக இருந்தது.

பிறகுதான் உப்பு வந்தது. கெபியின் அடிப்பக்கக் கல்லில், மழை விட்டு வெயில் ஏறும்போது, வெள்ளையாகப் பூத்தது. எனக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. விளக்குமாற்றால் தேய்ப்பேன். மறுபடி பூக்கும். தேய்க்கத் தேய்க்கச் சிவப்புக் கல்தான் பொடிப்பொடியாக உதிர்ந்ததே தவிர, உப்பு குறையவில்லை. ஒருநாள் குளோரி கெபி முன்னால் நின்று வாயைப் பிளந்தாள்.

"மைனி, இது ஒரு ஆளு சரிஞ்சு கெடக்கமாதிரி இல்லியா?"

"உப்புக்கு ஏது ஆளு? போய் வேலையப் பாரு."

"இல்ல மைனி. இது அண்ணனுக்க கண்ணீரு."

அவ்வளவுதான். ஊர் வந்துவிட்டது. பக்கத்துத் துறையிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். உப்பைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போனார்கள். சிலர் நாக்கிலேயே வைத்துப் பார்த்தார்கள். "கரிக்கவே இல்ல மைனி, நாக்குல குளுகுளுன்னு இருக்கு," என்று குளோரி சொன்னாள். மூட்டுவலிக்குக் கேட்கிறது என்று ஒரு பேச்சும் கிளம்பியது. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். என்ன காரணம் சொல்ல முடியும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பாதருக்கும் இது பிடிக்கவில்லை. அற்புதம் என்றால் ஆயருக்கு எழுத வேண்டும். ஆயர் கேள்வி கேட்பார். அதனால் 2012 தொடக்கத்தில் தக்கலையிலிருந்து ரெஜிஷா என்ற பெண்ணைக் கூட்டிவந்தார். நுண்ணுயிரியல் படித்து ஆராய்ச்சி செய்கிற பெண். ஒல்லி. மூக்குக்கண்ணாடி. கல்லில் பூக்கிற உப்பை பாக்டீரியாவுக்குத் தின்னக்கொடுத்துச் சுத்தம் செய்வதுதான் அவளுடைய ஆராய்ச்சி. முதலில் ஒரு காகிதக் கீற்றை நனைத்துக் கல்லில் ஒட்டினாள். அது ரோஜாப்பூ நிறமாக மாறியது.

"ஆன்டி, இது கடலுப்பு இல்ல. கடலுப்பா இருந்தா என் பூச்சி தொடாது. இது நைட்ரேட்டு. வெடியுப்பு இருக்கில்லா, அந்த வகை. அதான் நாக்குல குளுகுளுன்னு இருந்திருக்கு."

"உன் பூச்சி அதத் தின்னுருமா மக்கா?"

"சுத்தமாத் தின்னுரும்."

"தின்னா அந்த உப்பு எங்க போவும்?"

"காத்தாப் போவும் ஆன்டி. நம்ம மூச்சு விடுத காத்துல முக்காவாசி அதுதான்."

எனக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷம் விளக்குமாற்றோடு மல்லுக்கட்டினேனே, இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமல் போயிற்றே என்றிருந்தது. ஒரு குப்பியில் கலங்கலாகக் கொண்டுவந்தாள். ஊசிப்போன கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. பஞ்சை அதில் நனைத்துக் கல்லில் அப்பி, ஈரம் காயாமல் பிளாஸ்டிக் தாளால் மூடினாள். சில நாள் கழித்து எடுத்தபோது கல் புதுக் கல்போலச் சிவந்து இருந்தது. ஒரு பொட்டு வெள்ளை இல்லை. ஒரு தழும்பு இல்லை. நான் முற்றத்தில் நின்று நன்றாக மூச்சை இழுத்தேன். அவர் முழுக்கக் காற்றாகிவிட்டார் என்று ஒரு நிறைவு. 'அவர்' என்று எழுதிவிட்டேன். 'அந்த ஆள்' என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

வேன்கள் நின்றன. பாதர் நிம்மதியானார். ஆனால் கொஞ்ச நாளில் உப்பு திரும்பவும் தலைகாட்டியது. ரெஜிஷா மறுபடி வந்தாள். மறுபடி கீற்று, மறுபடி ரோஜாப்பூ நிறம். குனிந்து கல்லடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆன்டி, பூச்சி மேல வாறதத்தான் தின்னும். அடியில ஏதோ கெடந்து மக்குது. அதுலருந்து ஈரத்தோட ஏறி வருது. இங்க முன்னால தொழுவம் ஏதாவது இருந்ததா?"

"ஆடு கட்டிப்போட்ட எடம்தான் மக்கா."

குளோரி மெழுகுதிரியோடு நின்றுகொண்டிருந்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "ஆடா? நீங்க எப்ப மைனி ஆடு வளத்திய? ஆட்டுப் புழுக்க நாத்தம் ஆவாதுன்னு எனக்க ஆட்டையும்லா விக்கச் சொன்னிய?"

ரெஜிஷா சிரித்தாள். குளோரி திரி ஏற்றிவிட்டுப் போனபிறகு, அடியைத் திறந்து பார்த்து, மக்குவதை அள்ளிவிட்டு, ஈரம் ஏறாமல் கனத்த பிளாஸ்டிக் தாள் விரித்து மூடிவிட்டால் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும் என்றாள். பாதரிடம் கேட்கப் போவதாகவும் சொன்னாள். வேறு யாருக்கும் இந்த யோசனை இன்னும் தெரியாது.

அவளைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். வெளமீன் கறி. பிள்ளை ரசித்துச் சாப்பிட்டாள். காலையிலிருந்து வெயிலில் நின்ற களைப்பு. "ஆன்டி, கொஞ்ச நேரம் தல சாய்க்கட்டா?" என்று கேட்டு, நான் விரித்த பாயில் படுத்துக் கண்ணை மூடினாள். நான் அடுக்களையில் இருந்தேன். குழவி கையில் இருந்தது. சாயங்காலத்துக்குத் தேங்காய் அரைக்க எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தேங்காய் துருவவில்லை.

கண்ணை மூடிக்கொண்டே அவள் பேசினாள். "ஆன்டி, இந்தப் பூச்சிய இங்குள்ள மண்ணுலருந்துதான் பிரிச்செடுத்தேன். புது வகைன்னு எங்க புரொபசர் சொல்லுதாரு. பேரு வைக்க விட்டா அங்கிளுக்க பேரத்தான் வைப்பேன். தாசன்னு."

குழவியைக் கீழே வைத்துவிட்டேன். எவ்வளவு நல்ல பெண் என்று பாருங்கள். உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரர்கள் என் புருஷனின் பெயரைச் சொல்லுவார்கள். அப்படிப்பட்ட காரியத்துக்கு நான் குறுக்கே நிற்கலாமா? சுக்குக் காப்பி போட்டு எழுப்பினேன். தோண்டுவதற்குச் சம்மதம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். எனக்குப் பயமே இல்லை. அடியில் கிடப்பவருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

தோண்டியதும் நடந்தது உங்களுக்குத் தெரியும். எலும்பு கிடைத்தது. நீங்கள் வந்தீர்கள். விரலில் கிடந்த கல்யாண மோதிரத்தில் என் பெயர் இருந்தது. அதை நான் கழற்றியிருக்க வேண்டும். அன்று கறி ஆறிப்போகிறதே என்ற அவசரம். ரெஜிஷா அழுதாள். குளோரி தரையில் விழுந்து கும்பிட்டாள். கடல், தாசனை அவர் வீட்டு முற்றத்திலேயே கொண்டுவந்து புதைத்திருக்கிறது, விக்டோரியா அறியாமலே அவர்மேல் கெபி கட்டியிருக்கிறாள், எப்பேர்ப்பட்ட பொருத்தம் என்று ஊர் சொன்னது. பாதரே ஆயருக்கு எழுத உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கோயில் படியோடு நின்றுவிட்டதே, மேட்டுக்கு எப்படி ஏறியது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சார்.

சும்மா இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமை அடக்கம். பேண்டு வாத்தியம் சொல்லியாயிற்று. குளோரி தன் கையால் பூமாலை கட்டுகிறாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பொறுக்க முடியாமல் போயிற்று. எந்த ஆளுக்கு இந்த மாலை? போன் பண்ண மறந்த ஆளுக்கா? பேயாகப் போய் நின்று ஊரைச் சிரிக்கவைக்கப் பார்த்த ஆளுக்கா?

குளோரியைப் பற்றி இன்னொரு சின்ன விஷயம். முழுதும் சொல்வதாக வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன். ஏலக்கூடத்துக் கூரையிலிருந்து ஜெனினை இறக்கி என் மடியில்தான் தந்தார்கள். சின்னப் பிள்ளை. "ஆரு மக்கா உன்னத் தூக்கிப் போட்டா?" என்று கேட்டேன். "அப்பா" என்றான். ததேயூஸ் அப்போது செத்துக் கிடந்தார். பெயர் சொல்லி ஒருவரைப் புகழ்வதற்கும் ஒரு பொருத்தம் வேண்டும், சார். ததேயூஸ் சாதாரண மனிதர். "அப்பா இல்ல மக்கா, நல்லா நெனச்சுப் பாரு. தாசன் மாமாதானே?" என்றேன். பிள்ளைகளிடம் கேட்கிறபடி கேட்டால் சரியான பதில் வந்துவிடும். தலையாட்டினான். பிறகு அவனே அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறான். ஏழெட்டு வருஷமாக அவனும் குளோரியும் கெபிக்கு மெழுகுதிரி கொண்டுவருகிறார்கள். இதை அவளிடம் சொல்ல வேண்டாம். அவளுக்கு நன்றி சொல்ல ஒரு இடம் இருக்கிறது. அதைப் பிடுங்குவது பாவம்.

மங்களூரில் படகுக்காரரை விசாரித்தால் தேதியெல்லாம் சொல்வார். குழவி அடுக்களையில் அம்மிமேல் இருக்கிறது. கொன்றதும் புதைத்ததும் நான்தான். யாரும் உடந்தை இல்லை. எந்தத் தண்டனை என்றாலும் சரி. எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். எடுத்த எலும்புகளை எங்கே வேண்டுமானாலும் புதைத்துக்கொள்ளுங்கள். மோதிரத்தையும் அந்த ஆளோடேயே போட்டுவிடுங்கள். ஆனால் சிலுவைதாசன் என்ற பெயரில் மட்டும் அடக்கம் செய்துவிடாதீர்கள், சார். என் புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. நான் கொன்றது அவரை அல்ல.